அரைமணி நேரத்தில் ஒரு தீர்ப்பு

வன்னியில் ஒரு குளத்தை நம்பி வாழும் கமக்காரர் சிலர், சென்ற சிறுபோகத்துக்கு முன்னர் ஒரு மனுவோடு எம்மிடம் வந்தனர். மேல்வாய்க்காற் காணிகளில் நீர் நிறைந்து நிற்கக் கடைவாய்க்காற் காணிகள் வெடித்துக் கிடக்கின்றன என்பது அவர்தம் முறைப்பாடு. சட்டம் படித்த கண்கொண்டு மனுவைத் திருத்தித் தரவேண்டும் என்றனர். நாம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினோம். வாசித்து முடிந்ததும் மூடி வைத்தோம். ஒன்றரைப் பக்கந்தான். துருசு எந்தத் தேதியில் திறக்கப்பட்டது, அன்று குளத்தில் எத்தனை அடி நீர் நின்றது, கடைசி வயலுக்கு நீர் வந்துசேர எத்தனை நாட்கள் சென்றன, அதற்கிடையில் எவ்வளவு பயிர் கருகிற்று என்பன ஒன்றையொன்று தாங்கி நின்றன. மேல்வாய்க்காற்காரர் சொல்லக்கூடிய நியாயத்தை ஒரு வசனத்தில் ஒப்புக்கொண்டு, அதற்குரிய மறுமொழியை அடுத்த வசனத்தில் வைத்திருந்தார் எழுதியவர். கெஞ்சலும் இல்லை, வசையும் இல்லை. இருபது ஆண்டுகளாக மனுக்களோடு மல்லாடி வரும் நாம் அதிற் சேர்த்தது முகவரியில் ஒரு வரி மட்டுமே.

எழுதியவர் யார் என்று வினவினோம். கமக்காரர் அமைப்பின் செயலாளருடைய மகன். பதினேழு வயதுப் பிள்ளை. தந்தையார் சிறிது கூச்சத்துடன் இன்னொன்றையும் சொன்னார்: "மகனுக்குத் தமிழ் அவ்வளவு ஓடாது, ஐயா. சோதினையிலை தமிழுக்கு வெறும் எஸ் தான் கிடைச்சது."

பின்னர் அப்பிள்ளையோடும் பேசினோம். அந்தப் பொதுப் பரீட்சையில் அவன் தெரிந்தெடுத்த கட்டுரைத் தலைப்பு நீர்வளத்தைப் பேணுதல் பற்றியதாம். தன் ஊர்த் துருசைப் பற்றியே எழுதத் தொடங்கினானாம். எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பதிற் பாதி நேரம் போயிற்று. முடிவுரை எழுதுமுன் மணி அடித்துவிட்டது. கட்டுரை வினாத்தாளின் ஒரு பகுதியே. மற்றப் பகுதிகளில் அவன் தவறியிருக்கவுங் கூடும். எங்கே என்ன குறை கண்டு அப்புள்ளியை இட்டனர் என்பது அவனுக்குந் தெரியாது, தந்தைக்குந் தெரியாது, நமக்குந் தெரியாது. தீர்ப்பு வந்தது, தீர்ப்புக்குரிய காரணம் வரவில்லை. ஒரு நீதவான் இவ்வாறு தீர்ப்பளித்தால் மேன்முறையீட்டு மன்றம் அதை ஒரு நாளும் நிற்க விடாது.

ஒரு சாட்சியை வைத்து ஒரு முறைமையைக் குற்றவாளியாக்க நாம் முனையவில்லை. ஆனால் அன்று எழுந்த வினா நம்மை விடவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தலைப்பு, ஒரே நேரம், ஒரே புள்ளித்திட்டம் என்று வகுத்து எழுதுவிக்கும் கட்டுரை, பிள்ளையின் எழுத்தாற்றலை நேர்மையாக அளக்கின்றதா?

இத்தகைய பரீட்சையைத் தரப்படுத்திய பரீட்சை என்பர் கல்வியாளர். அச்சொல்லைக் கேட்டதும் நம் வாசகருள் மூத்தோர் நெஞ்சில் வேறொரு புண் திறக்கும் என்பதை அறிவோம். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்காக மொழிவாரியாகப் புள்ளிகளை ஏற்றியிறக்கிய தரப்படுத்தல், எழுதி முடித்த விடைத்தாளின் பெறுமதியைப் பின்னர் மாற்றிய செயல். இங்கே நாம் பேசுவது எழுதும்போதே எல்லாரையும் ஒரே அச்சில் நிறுத்தும் முறை. இரண்டும் வேறு. எனினும் ஓர் ஒற்றுமை உண்டு. தமிழ்ப் பரீட்சகர் தம்மினத்துப் பிள்ளைகளுக்குப் புள்ளியை அள்ளி வழங்கினர் என்னும் நிரூபிக்கப்படாத பழி அன்று எளிதிற் பரவியதற்குக் காரணம், புள்ளி எவ்வாறு பிறக்கின்றது என்பதைப் பொதுமக்கள் எவரும் கண்ணாற் காணாமையே.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைச் சொல்லிவிடுவோம். பரீட்சை மண்டபத்திற் பிள்ளைக்குப் பெயரில்லை. சுட்டெண் மட்டுமே உண்டு. அவன் தந்தை வைத்தியரா, கூலிக்கு நாற்று நடுபவரா என்று திருத்துபவருக்குத் தெரியாது. சாதி தெரியாது, ஊர் தெரியாது. சிபாரிசுக் கடிதமும் குடும்பப் பெயரும் கதவு திறந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் நம்மவர்க்கு இது சிறு விடயமன்று. நம் ஊர்களில் ஏழைப் பிள்ளைகள் பலர் மேலே ஏறிய ஏணி இந்தச் சுட்டெண்ணே. ஆகவே பரீட்சையை ஒழி என்று கூக்குரலிடுவோர் கூட்டத்தில் நாம் இல்லை. நீதிபதி பக்கச்சார்பற்றவராய் இருத்தல் நீதிக்கு இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதுமா? போதிய சாட்சியம் அவர் முன் வைக்கப்படவேண்டாமா?

பரீட்சகரின் கையைப் பற்றிய ஆராய்ச்சி பழையது. 1912இல் அமெரிக்காவில் ஸ்ராச், எலியற் என்னும் இருவர், உயர்பாடசாலை மாணவரின் ஆங்கில விடைத்தாள் ஒன்றைப் பிரதிசெய்து பல பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பினர். திருத்தி அனுப்பியோர் 142 பேர். அவர்கள் அந்த ஒரே தாளுக்கு இட்ட புள்ளிகள் 64 முதல் 98 வரை பரந்து கிடந்தன. இங்கிலாந்தில் ஹார்ற்றொக், ரோட்ஸ் என்போர் 1935இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் சங்கடமானது. ஒரே புள்ளி பெற்றிருந்த 15 சரித்திர விடைத்தாள்களை 15 பரீட்சகரிடம் கொடுத்துத் திருத்துவித்தனர். ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் அதே தாள்களை அவர்களுள் 14 பேரிடம் மீண்டும் கொடுத்தனர். 210 தீர்ப்புகளுள் 92இல், சித்தியென்றது தவறாகவும் தவறென்றது சித்தியாகவும், அல்லது ஒரு தரம் இன்னொரு தரமாகவும் மாறியிருந்தது. அயலாரோடு மாறுபட்டது ஒருபுறம் இருக்க, தம்மோடு தாமே மாறுபட்டனர்! அக்காலத்தில் நம் நாட்டுப் பிள்ளைகளும் கேம்பிரிட்ச், இலண்டன் பரீட்சைகளுக்குத் தோற்றி, கப்பலேறி வரும் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவர்களே என்பதையும் இங்கு நினைத்துக்கொள்க.

எனினும் கட்டுரை என்னும் பொருளை நேராகத் தொட்டது 1961இல் டீடரிச் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் அமெரிக்காவின் கல்விப் பரீட்சைச் சேவை நிறுவனத்துக்காகச் செய்த ஆராய்ச்சி. முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவர் எழுதிய 300 கட்டுரைகளை எடுத்தனர். 53 பேரிடம் வாசிக்கக் கொடுத்தனர். ஆங்கில ஆசிரியர், சமூக விஞ்ஞான ஆசிரியர், விஞ்ஞான ஆசிரியர், எழுத்தாளரும் பத்திரிகை ஆசிரியரும், வணிக நிருவாகிகள் என அறிவுடையோர் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். நம் தொழிலைச் சேர்ந்த சட்டத்தரணிகள் ஒன்பதின்மரும் இருந்தனர். எவ்விதிமுறையும் விதிக்காமல், தத்தம் மனத்துக்குப் பட்டவாறு ஒன்பது தரங்களாகப் பிரிக்குமாறு கேட்டனர்.

விளைவு என்ன? 300இல் 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன. அதாவது ஒருவர் தலையில் வைத்த கட்டுரையை இன்னொருவர் காலில் வைத்தார். இடையிலுள்ள படிகள் அனைத்திலும் எவரோ ஒருவர் அதை வைத்தார். நூற்றுக்கு 94 கட்டுரைகள் ஏழோ எட்டோ ஒன்பதோ வெவ்வேறு தரங்களைப் பெற்றன. ஐந்துக்குக் குறைந்த தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றேனும் இல்லை.

இவர்களெல்லாம் அறிவிலிகளோ? அல்லர். ஆராய்ந்து பார்த்தபோது, வாசித்தவர்கள் ஐந்து போக்கினராய்ப் பிரிந்தமை தெரிந்தது. ஒரு சாரார் கருத்தைத் தேடினர். ஒரு சாரார் எழுத்துப்பிழை இலக்கணப்பிழைகளை எண்ணினர். ஒரு சாரார் ஒழுங்கமைப்பை நோக்கினர். ஒரு சாரார் சொல்வளத்தைச் சுவைத்தனர். எஞ்சியோர் எழுதியவனின் ஆளுமை எழுத்தில் மணக்கின்றதா என்று பார்த்தனர். ஐந்தும் எழுத்தின் குணங்களே. கமக்காரர் ஐவரிடம் ஒரே நெல்லைக் காட்டினால் ஒருவர் மணியின் பருமனையும், ஒருவர் விளைச்சலையும், ஒருவர் வரட்சி தாங்குமா என்பதையும் பார்ப்பதில்லையா? நெல்லுக்குள்ளே பல நன்மைகள் இருப்பதுபோல எழுத்துக்குள்ளும் பல உண்டு. ஒற்றை எண் அவற்றை ஒன்றாய்ப் பிசைந்து விடுகின்றது.

இக்குழப்பத்துக்கு மருந்தாகவே புள்ளித்திட்டம் வலுப்பெற்றது. இன்னது இருந்தால் இத்தனை புள்ளி, இன்னது இன்றேல் இத்தனை குறை எனப் பரீட்சகர் அனைவரையும் ஒரே வகையிற் பழக்கினர். உடனே உடன்பாடு கூடிற்று. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எதில் உடன்பட்டனர் என்பதே வினா. விரைவாக வாசிக்கும் இருவர் எளிதில் உடன்படக்கூடியது கண்ணுக்குத் தெரியும் புறக்கோலத்திலேயே. எத்தனை பந்தி, முன்னுரை முடிவுரை உண்டா, மேற்கோள் உண்டா, எத்தனை பக்கம் என்பனவற்றில் இருவரும் ஒத்துப்போவர். எடுத்த நியாயம் நிற்குமா நிற்காதா என்பதில் அவ்வளவு விரைவில் ஒத்துப்போக இயலாது. நீதிமன்றத்தில் நான்கு சாட்சிகள் ஒரு சொல்லும் பிசகாமல் ஒரே வாக்குமூலத்தைக் கூறினால் நாம் மகிழ்வதில்லை. எவரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று ஐயுறுகின்றோம்.

இந்த ஐயம் வீணானதன்று என்பதை அமெரிக்கா அண்மையிற் காட்டிற்று. அங்கே பல்கலைக்கழகம் புக விரும்பும் மாணவர் இலட்சக்கணக்கில் தோற்றும் எஸ்.ஏ.ரி. என்னும் பரீட்சையில், 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் கட்டுரை ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. பரீட்சையை நடத்துவது கொலிஜ் போர்ட் என்னும் சபை. கொடுத்த நேரம் 25 நிமிடம். இருவர் தனித்தனியே வாசித்து 1 முதல் 6 வரை புள்ளியிடுவர். ஒவ்வொரு கட்டுரைக்கும் அவர்களுக்குக் கிடைத்தது சில நிமிடங்களே.

மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுத்துப் பயிற்சிக்குப் பொறுப்பாயிருந்த லெஸ் பெரல்மன் என்பவர், அச்சபை மாதிரிக்காக வெளியிட்ட கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சொற்கள் என்று எண்ணினார். நீளமானது மேலே, குறுகியது கீழே. வாசிக்காமலே நீளத்தை மட்டும் பார்த்துப் புள்ளியிட்டாலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாயிருக்கும் என்று 2005இலேயே பத்திரிகைக்குச் சொன்னார். நீளமாக எழுதுவோர் பெரும்பாலும் நன்றாக எழுதுவோராய் இருக்கலாமே என்று கேட்கலாம். ஓரளவுக்கு உண்மை. ஆனால் அளவுகோல் நீளத்தை விரும்புகின்றது என்பது வெளியே தெரிந்த மறுநாளே, நீட்டுவதற்குப் பயிற்சி கொடுக்கும் கடைகள் திறந்துவிடும் என்பதும் உண்மையே.

அதினும் வேடிக்கை ஒன்று உண்டு. செய்திப் பிழைக்குப் புள்ளி குறைக்கவேண்டாம் என்பது வாசிப்போருக்கு இடப்பட்ட கட்டளை. எழுத்தைத்தான் அளக்கின்றோம், அறிவை அன்று என்பது அதற்குச் சொன்ன நியாயம். முழுப் புள்ளி பெற்றதாக வெளியிடப்பட்ட மாதிரிக் கட்டுரை ஒன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தொடக்கிய சம்ரர் கோட்டைத் தாக்குதலை 1862ஆம் ஆண்டின் இறுதியில் வைத்தது. அது நடந்தது 1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம்! உண்மையிலிருந்து பிரித்தெடுத்த எழுத்தாற்றல் என ஒன்று உண்டா? நம் பிள்ளை எழுதிய மனுவில் துருசு திறந்த தேதி பிழையாயிருந்தால், எவ்வளவு அழகான வசனமாயினும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அது முதல் நிமிடத்திலேயே செத்துப்போகும்.

சபையாருக்கும் செவி கொடுக்கவேண்டும். முதலாண்டுப் பல்கலைக்கழகப் பெறுபேற்றை முன்கூட்டி உரைப்பதில், பரீட்சையின் மூன்று பகுதிகளுள் எழுத்துப் பகுதியே சிறந்து நின்றது என்று 2008இல் ஆராய்ச்சி வெளியிட்டனர். அது பொய்யன்று. ஆனால் அப்பகுதியிற் பெரும்பங்கு பல்தேர்வு வினாக்களுக்கு உரியது. கட்டுரையின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றே. வெற்றி கட்டுரைக்குரியதா, பல்தேர்வுக்குரியதா என்பதை அவர்கள் கூற்றிலிருந்து நாம் கொள்வதற்கில்லை.

2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் அக்கட்டுரையை மாற்றியமைத்தனர். நேரம் 50 நிமிடமாயிற்று. ஒரு பகுதியைக் கொடுத்து, அதை எழுதியவர் தம் வாதத்தை எவ்வாறு கட்டினார் என்று விளக்குமாறு கேட்டனர். முன்னதை விட இது மேலானது என்பதே நம் கருத்து. பேசுவதற்குரிய பொருள் எல்லாப் பிள்ளைக்கும் சமமாகக் கையில் கொடுக்கப்பட்டது. ஆனால் விரும்பியோர் எழுதலாம் என்று விட்டுவிட்டனர். 2018இல் பெரும் பல்கலைக்கழகங்கள் சில இனி வேண்டியதில்லை என்றன. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் சபையே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. சில மாநிலங்கள் பாடசாலைகளில் நடத்தும் பரீட்சை தவிர, ஏனைய இடங்களில் அவ்வாண்டு ஜூனோடு முடிந்தது. கட்டாயமாகப் பிறந்த கட்டுரை பதினாறு ஆண்டுகளில் மறைந்தது.

இடையில் இயந்திரமும் வந்தது. ஜீமற் என்னும் மேற்படிப்பு அனுமதிப் பரீட்சையில் 1999 முதல் இரு வாசகருள் ஒருவரின் ஆசனத்திற் கணினி அமர்ந்தது. 2014இல் பெரல்மனும் மாணவர் சிலரும் மூன்று சொற்களைக் கொடுத்தால் பொருளற்ற கட்டுரையொன்றைக் கக்கும் பொறியைச் செய்தனர். பாபெல் என்று அதற்குப் பெயரிட்டனர். திருத்தும் இயந்திரங்கள் அந்த உளறலுக்கு உயர்ந்த புள்ளி வழங்கின. பொருள் என்று ஒன்று இருப்பதையே அறியாத பரீட்சகர் வேறென்ன செய்வார்?

இனி நம் வீட்டைப் பார்ப்போம். நம் பிள்ளைகள் கட்டுரைக்கு எவ்வாறு ஆயத்தமாகின்றனர் என்பதை அறியாத பெற்றோர் இல்லை. மாதிரிக் கட்டுரைத் தொகுதிகள் கடைதோறும் தொங்குகின்றன. பழைய மிதிவண்டியின் சுயசரிதை, கிழிந்த குடையின் சுயசரிதை, ஆலமரத்தின் சுயசரிதை என ஆண்டுதோறும் எத்தனையாயிரம் உயிரற்ற பொருள்கள் நம் பிள்ளைகளின் வாயாற் பேசியிருக்கும் என்று எண்ணிப்பார்த்தாற் சிரிப்பு வருகின்றது. பின்னர் அச்சிரிப்பு நின்றுவிடுகின்றது. அப்பிள்ளைகளைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அரைமணி நேரத்திற் சிந்தித்து எழுதுவது ஆபத்து. மனனஞ் செய்ததை இறக்கிவைப்பது பாதுகாப்பு. இவ்வுண்மையை ரியூசன் ஆசிரியர் மறைப்பதில்லை. ரியூசனுக்குப் பணங்கட்ட இயலாத வீட்டுப் பிள்ளையே தன் சொந்த மூளையை நம்பி மண்டபத்துக்குப் போகின்றது.

இன்னொரு பாரமும் நம் பிள்ளைகள் தலையில் உண்டு. பரீட்சை வேண்டும் செந்தமிழ் நம்மில் எவர் வீட்டு அடுப்பங்கரையிலும் பேசப்படுவதில்லை. அது புத்தகத்திலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் வருவது. நூல்நிலையம் அருகிலுள்ள பட்டினத்துப் பிள்ளைக்கும், மலையகத் தோட்ட லயத்திலோ வன்னிக் காட்டோரத்திலோ வளரும் பிள்ளைக்கும் அவ்வழி ஒரே தூரமன்று. செந்தமிழைக் கேட்பது தவறென்று நாம் சொல்லமாட்டோம். நாமே அதில் எழுதுகின்றோம். ஆனால் வீட்டில் எத்தனை புத்தகம் இருந்தது என்பதை அளந்துவிட்டு, எழுத்தாற்றலை அளந்தோம் என்று பெயரிடுதல் தகாது.

எழுத்து என்பது என்ன என்று எழுதிப் பிழைப்போரைக் கேட்டுப் பாருங்கள். நாம் நீதிமன்றத்தில் ஒரு வாதவுரையைச் சமர்ப்பிக்குமுன் நான்கு முறையேனும் வெட்டித் திருத்துகின்றோம். முதல் நாள் இரவு பொன்னாய்த் தெரிந்த பந்தி மறுநாட் காலையிற் பித்தளையாய்க் கிடப்பதை எத்தனை முறை கண்டிருக்கின்றோம்! வைத்தியர் தம் அறிக்கையையும் பொறியியலாளர் தம் மதிப்பீட்டையும் மீளப் பார்த்தே கையொப்பமிடுகின்றனர். எழுத்தின் பாதி திருத்துவதில் இருக்கின்றது. அப்பாதியைப் பரீட்சை அடியோடு விலக்கிவிடுகின்றது. அது அளப்பது எழுத்தின் முதல் வேகத்தை. அவ்வேகமும் ஒரு திறமைதான். அதற்கு அதன் பெயரைச் சொல்லிப் புள்ளியிட்டால் நாம் வழக்குக்கு வரமாட்டோம்.

அப்படியாயின் வீட்டிலும் வகுப்பிலும் ஆறுதலாக எழுதியதைச் சேர்த்து மதிப்பிடலாமே என்பர் சிலர். இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. 1980களின் பிற்பகுதியில் அங்கே பதினாறு வயதினர்க்குரிய ஆங்கிலப் பாடத்தை முழுவதும் தவணைப்பணியாலேயே மதிப்பிட இடமிருந்தது. தந்தையின் கை எங்கே, ஆசிரியரின் கை எங்கே, பிள்ளையின் கை எங்கே என்ற கேள்வி ஓயவில்லை. 1990களில் அதன் பங்கைக் குறைத்தனர். 2015இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் ஆங்கிலமொழிப் புள்ளி முழுவதையும் மீண்டும் எழுத்துப் பரீட்சைக்கே கொடுத்தனர். நம் நாட்டிலும் பாடசாலைமட்டக் கணிப்பீடு என்ற ஒன்று உண்டு. அதிபரின் உறவினர் பிள்ளையும் ஊரின் கடைக்கோடிப் பிள்ளையும் அதிலே ஒரே தராசில் நிற்கின்றனர் என்று எம் வாசகருள் எத்தனை பேர் சத்தியம் செய்வர்? 2022ஆம் ஆண்டின் இறுதியிற் சாட்ஜிபிடி என்னும் எழுதும் இயந்திரம் எல்லார் கைக்கும் வந்தபின், வீட்டில் எழுதியது பிள்ளை எழுதியதே என்று காட்டுவது இன்னும் அரிதாயிற்று. ஆகவே மண்டபமும் சுட்டெண்ணும் நிலைக்கட்டும். மாறவேண்டியது மண்டபத்துக்குள்ளே நடப்பது.

ஒரே ஒரு கட்டுரையைக் கொண்டு ஒருவனைத் தீர்க்கலாகாது. வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வகை எழுத்து இரண்டேனும் வேண்டும். ஒன்றில் வெறுந் தலைப்பைக் கொடுக்காமல் பொருளையும் கொடுக்கவேண்டும். ஒரு கிராமத்தின் மழைவீழ்ச்சிக் கணக்கையும், இரு தரப்பார் எழுதிய இரு கடிதங்களையும் கையிற் கொடுத்து, பிரதேச செயலாளருக்கு ஒரு மனு எழுதுக என்று கேட்டால், மனனஞ் செய்த மிதிவண்டி அங்கே ஓடாது. முதல் நாள் எழுதிய வரைவை மண்டபத்திலேயே பூட்டிவைத்து, மறுநாள் அதே பிள்ளையிடம் கொடுத்துத் திருத்தி எழுதச் சொல்லலாம். இருவர் ஒருவர் புள்ளியை ஒருவர் அறியாது திருத்தி, அவர்கள் பெரிதும் வேறுபட்டால் மூன்றாமவரிடம் போகவேண்டும். கருத்துக்கும் ஒழுங்குக்கும் மொழிக்கும் தனித்தனிப் புள்ளியிட்டு, அம்மூன்றையும் பிள்ளைக்கு அறிவிக்கவேண்டும்.

பணம் எங்கே, பரீட்சகர் எங்கே, இப்போதே பெறுபேறு மாதக்கணக்கிற் பிந்துகின்றதே என்று கேட்பர். நியாயமான கேள்வி. இரண்டு நாட் கட்டுரைக்கு மண்டபமும் மேற்பார்வையாளரும் இரட்டிப்பாக வேண்டும். இதை நாம் மறைக்கவில்லை. அது ஒரே ஆண்டில் ஆகாது. ஆனால் ஒரு காசும் பெரிதாகச் செலவில்லாத ஒன்றை நாளையே செய்யலாம். திருத்திய விடைத்தாளைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

இது புதுமையான கோரிக்கையன்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அந்நாட்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், தேர்வெழுதியவர் தம் திருத்திய விடைத்தாளைப் பார்வையிட உரித்துடையவர் என்று தீர்ப்பளித்தது. திருத்தியவரின் பெயர் மறைக்கப்படலாம் என்றும் பாதுகாப்பு வைத்தது. குடிமைப்பணித் தேர்வு பற்றிய வழக்கொன்றில் 2018இல் அந்நீதிமன்றமே சிறிது பின்வாங்கிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. பரீட்சையின் நேர்மைக்கு ஊறு செய்யும் தகவலை மறுக்க அது இடமளிக்கின்றது. முடிந்துபோன பரீட்சையொன்றில் ஒரு பிள்ளை தன் சொந்தக் கையெழுத்தைப் பார்த்தால், அப்பரீட்சையின் நேர்மை எவ்வாறு ஊறுபடும்? இவ்வினாவை உரிய மன்றத்தில் எழுப்பத்தக்க பெற்றோர் நம் வாசகருள் இருப்பின், அவர்களுக்காகத் தோன்ற ஆயத்தமாயுள்ள சட்டத்தரணிகளும் இருக்கின்றனர். மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் வழி இன்றும் உண்டு. ஆனால் புள்ளி கூடிற்றா இல்லையா என்ற விடை வருமேயன்றி, ஏன் என்ற விடை வருவதில்லை.

கடைவாய்க்கால் மனு பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. மேல்வாய்க்காற்காரருள் ஒருவர் எழுந்து, கணக்கில் எங்களுக்கு மறுப்பில்லை என்றார். அப்போகத்தில் முறைவைத்து நீர் விடும்போது முதன்முறை கடைவாய்க்காலுக்கே என்று தீர்மானமாயிற்று. எழுதிய பிள்ளை இவ்வாண்டு அதே பரீட்சைக்கு மீண்டும் தோற்றுகின்றான். சென்ற மாதம் அவ்வூருக்குப் போனபோது கையில் ஒரு கொப்பியோடு குளக்கட்டில் நடந்துகொண்டிருந்தான். பன்னிரண்டு கட்டுரைகளாம், ரியூசனிற் கொடுத்தவையாம், ஏழு பாடமாகிவிட்டதாம். முதலாவது எதைப் பற்றியது என்று கேட்டோம். நீர்வளம் என்றான். அதிலே துருசைப் பற்றி ஏதும் உண்டா என்று கேட்டோம். இல்லை என்றான்.